நாகமலை வெயிலும் ஒரு சளிப்பூஞ்சை மரபணுவும்

சித்திரை மாதம், காலை ஏழரை மணி. ஆய்வகத்தைத் திறந்ததும் முதலில் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டரின் கதவில் ஒளிரும் எண்ணைப் பார்ப்பது என் வழக்கம். 31 என்று காட்டியது. இருக்க வேண்டியது 22. இரவில் எப்போதோ கரண்ட் போயிருக்கிறது. திரும்பி வந்தபோது கம்ப்ரஸர் ஓடவில்லை. ஆனால் உள்ளே வைத்திருந்த குடுவைகளை ஆட்டும் சின்ன ஷேக்கர் மட்டும் விசுவாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மோட்டாரின் சூடும் சேர்ந்துகொண்டது. இரண்டு குடுவை டிக்டியோஸ்டீலியம் என்ற சளிப்பூஞ்சை, மூன்று வார உழைப்பு. ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கால் நீட்டி ஊர வேண்டிய செல்கள் உருண்டை உருண்டையாகச் சுருண்டு கிடந்தன.

ஆய்வக உதவியாளர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், அவுஞ்சு போச்சா?" என்றார். அவுஞ்சுதான் போயிருந்தது.

மதுரையில் இந்த உயிரியை வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் 22 டிகிரியில் சுகமாக இருக்கும். 25 ஆனால் முகம் சுளிக்கும். அதற்கு மேலே போனால் நம்மோடு ஒத்துழைக்காது. வெளியே 40. நாகமலைப் பக்கம் பாறைச் சூடு இரவு பத்து மணி வரை இறங்காது.

நாங்கள் எடுத்துக்கொண்ட வேலை சிறியது. இந்தச் சளிப்பூஞ்சையில் யு.டி.பி.-குளுக்கோஸ் பைரோபாஸ்போரிலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அதன் மரபணுவைக் குளோன் செய்ய வேண்டும், அதாவது தனியே எடுத்து பாக்டீரியாவில் ஏற்றிப் பெருக்க வேண்டும். வளர்ச்சியின் எந்த மணி நேரத்தில் அது விழித்துக்கொள்கிறது என்றும் பார்க்க வேண்டும். எம்.எஸ்சி. படிக்கும் இரண்டு பிள்ளைகளின் புராஜெக்ட். "வரிசையை அனுப்பினால் கம்பெனிக்காரனே மரபணுவைச் செய்து குப்பியில் போட்டு அனுப்புகிறானே, இதை ஏன் கையால் செய்கிறீர்கள்?" என்று துறையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த மணியில் விழிக்கிறது என்பது குப்பியில் வராது. அதற்கு, விழித்த மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகலான ஆர்.என்.ஏ.-வை எடுத்தே தீர வேண்டும். ஆர்.என்.ஏ. கையில் இருந்தால் குளோன் இன்னும் நாலு படிதான் என்று நினைத்தேன். அந்த நாலு படிக்கு ஐந்து மாதம் ஆனது.

இந்த உயிரியைப் பற்றிக் கொஞ்சம். 1933-இல் கென்னத் ரேப்பர் அமெரிக்காவின் வட கரோலினாக் காட்டில் உதிர்ந்த இலைகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தீனி இருக்கும் வரை ஒவ்வொரு செல்லும் தனித்தனி அமீபா. மண்ணில் பாக்டீரியாவைத் தின்று, இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். தீனி தீர்ந்ததும் கதை மாறும். பட்டினி கிடக்கும் செல்கள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற வேதிப்பொருளைத் துடிப்புத் துடிப்பாக வெளியிடும். பக்கத்தில் இருப்பவை அந்த வாடை வரும் திசையில் ஊர்ந்து, தாமும் அதையே வெளியிடும். ஒரு லட்சம் செல்கள் வரை ஒன்றுகூடிக் குவியலாகி, குவியல் நத்தை போன்ற ஒரு சிறு ஊர்வியாகி, கடைசியில் ஒரு காம்பும் அதன் தலையில் விதைத்தூள் உருண்டையுமாக நிமிர்ந்து நிற்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செல்கள் காம்பாகிச் செத்துப்போகும். மீதி விதைத்தூளாகித் தப்பிக்கும். எல்லாம் 24 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நம் நொதியின் வேலை யு.டி.பி.-குளுக்கோஸ் என்ற சரக்கைத் தயாரிப்பது. காம்புக்கும் விதைத்தூளின் தோலுக்கும் வேண்டிய செல்லுலோஸ், விதைத்தூள் உலர்ந்தும் உயிரோடிருக்க உதவும் டிரீஹலோஸ் சர்க்கரை, இரண்டுக்கும் அந்தச் சரக்குதான் மூலப்பொருள். கட்டட வேலை தொடங்கும்போதுதானே செங்கல் லாரி வர வேண்டும்? அப்படித்தான் நடக்கிறது என்று 1967-இல் ஆஷ்வொர்த்தும் சஸ்மனும் காட்டினார்கள். வளர்ச்சியின் நடுவில் இந்த நொதியின் அளவு ஏறுகிறது, முடிவில் இறங்குகிறது. ஆக்டினோமைசின் என்ற மருந்தால் ஆர்.என்.ஏ. உற்பத்தியை வெவ்வேறு மணிகளில் நிறுத்திப் பார்த்து, எந்த நேரத்து ஆர்.என்.ஏ. இந்த நொதிக்கு வேண்டியது என்றும் அந்தக் குழு கணக்குப் போட்டது. மரபணுவைக் கண்ணால் பார்க்க வழியில்லாத காலம் அது. அந்தக் கட்டுரைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது, "வெறும் நொதி அளவை மட்டும் வச்சே இவ்வளவு சொல்லியிருக்காங்களா சார்?" என்று கேட்டார்கள். எனக்கும் அந்த வியப்பு இன்னும் போகவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஏஎக்ஸ்4 என்ற ஆய்வக ரகத்தின் விதைத்தூள், சிலிக்கா ஜெல்லில் உலர்த்தியபடி, வடக்கே ஒரு ஆய்வகத்திலிருந்து தபாலில் வந்தது. அந்த உலர்ந்த தூளுக்கு நம் வெயில் ஒரு பொருட்டே இல்லை. முளைத்த பிறகுதான் ராஜ உபசாரம் கேட்கிறது. இந்த ரகம் பாக்டீரியா இல்லாமல் எச்.எல்.5 என்ற ஊட்டக் கரைசலிலேயே வளரும். பெப்டோன், ஈஸ்ட் சாறு, குளுக்கோஸ், கொஞ்சம் பாஸ்பேட், அவ்வளவுதான். பாக்டீரியாவைத் தின்று வளர்ந்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் இரட்டிக்கும். கரைசலில் பத்து மணி நேரம்போல ஆகும். ஆனால் பாக்டீரியாவின் டி.என்.ஏ. கலக்காது என்பதால் மெதுவான வழியையே எடுத்தோம்.

கரண்ட் பிரச்சினைக்குச் செய்த வைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் யோசனைப்படி முதலில் மண்பானை. ஒரு பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல். சித்திரையில் அது 28-க்குக் கீழே இறங்கவே இல்லை. தண்ணீர் குடிக்க அருமை, டிக்டிக்கு (டிக்டியோஸ்டீலியத்தை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆகாது. அடுத்து மீன் வண்டிகளில் வரும் தெர்மோகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும். இது நன்றாகவே வேலை செய்தது, ஆனால் யாராவது ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசியில் இன்குபேட்டருக்கு மட்டும் தனி இன்வெர்ட்டர் போட்டு, ஷேக்கரின் மோட்டாரை உள்ளேயிருந்து எடுத்துவிட்டோம். குடுவையில் ஆழமாக ஊற்றாமல் கால்வாசி மட்டும் ஊற்றினால் மெதுவான ஆட்டமே போதும் என்று தெரிந்ததால், சூடு தராத ஒரு பழைய ராக்கரை வைத்துச் சமாளித்தோம். எந்தக் கையேட்டிலும் இல்லாத ஏற்பாடு. செல்கள் புகார் சொல்லவில்லை.

வளர்ச்சிப் பரிசோதனைக்கு ஒரு நாள் இரவு முழுவதும் உட்கார வேண்டும். ஒரு மில்லிக்கு 40 லட்சம் செல் என்ற கணக்கில் 200 மில்லி சேர்ந்தது. மெதுவாகச் சுற்றி இறக்கி, ஊட்டக் கரைசலை ஊற்றிவிட்டு, கே.கே.2 பாஸ்பேட் தண்ணீரில் இரண்டு முறை கழுவினோம். லிட்டருக்கு 2.2 கிராம் ஒரு பொட்டாசியம் பாஸ்பேட், 0.7 கிராம் இன்னொன்று, அதுதான் கே.கே.2. கழுவுவது முக்கியம். துளி தீனி மிஞ்சினாலும் செல்கள் கூட்டம் கூட மணிக்கணக்கில் தாமதிக்கும். பிறகு 47 மில்லிமீட்டர் கறுப்பு நைட்ரோசெல்லுலோஸ் வட்டங்களில், வட்டத்துக்குப் பத்துக் கோடி செல்லாக விட்டோம். ஏழு வட்டம் ஏழு நேரத்துக்கு, 0-விலிருந்து 24-ஆம் மணி வரை நான்கு மணிக்கு ஒன்றாக. எட்டாவது வேடிக்கை பார்க்க.

காலை ஆறு மணிக்குப் பட்டினி போட்டோம். பத்து மணிக்கு ஒன்றும் தெரியவில்லை. பிற்பகல் ஒரு மணி வாக்கில் அந்தக் கறுப்பு வட்டத்தில் மெல்லிய கோடுகள். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கிளை கிளையாக நீரோட்டம்போல எல்லாம் ஒரே புள்ளியை நோக்கி ஓடுகின்றன. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர், "சார், எதிர்சேவைக்கு நாலு ஊர் சனமும் மூணுமாவடிக்கு வர்ற மாதிரில இருக்கு!" என்றார். அழகரை எதிர்கொள்ளக் கூடும் கூட்டத்தைச் சொல்கிறார். வகுப்பில் இந்தக் கட்டத்தை விளக்க நான் இத்தனை நாள் படம் வரைந்துகொண்டிருந்தேன். இப்போது அண்ணன் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

மாலை ஆறுக்குக் குவியல்கள் இறுகி நுனி முளைத்தன. இரவு பத்துக்கு விரல்போல எழுந்தன. எட்டாவது வட்டத்தை மட்டும் கறுப்புத் தாள் சுற்றிய டப்பாவில் வைத்து, ஒரு பக்கம் ஊசித் துளை போட்டிருந்தோம். விரல்கள் சாய்ந்து ஊர்விகளாகி அந்தத் துளையின் வெளிச்சத்தை நோக்கி வரிசையாகத் தடம் பதித்திருந்தன. கண்ணும் நரம்பும் இல்லாத ஒரு மில்லிமீட்டர் பிண்டம். பிள்ளைகள் அதைப் படமெடுப்பதிலேயே 16-ஆம் மணி மாதிரியை எடுக்க மறந்து பதினைந்து நிமிடம் தாமதமாகிவிட்டது. குறிப்பேட்டில் அப்படியே 16 மணி 15 நிமிடம் என்று எழுதச் சொன்னேன். இதில் மட்டும் நான் கறார். விடியற்காலை இரண்டு மணிக்கு 20-ஆம் மணி மாதிரி. கடைசி மாதிரியை எடுத்தபோது காலை ஆறு, வட்டம் முழுக்க நுண்ணிய குண்டூசிகள் நட்டதுபோல நின்றது.

ஆர்.என்.ஏ. எடுப்பதில் முதல் ஐந்து நேரங்களில் சிக்கல் இல்லை. டிரைசால் ஊற்றினால் செல் உடைந்துவிடும். 20-க்கும் 24-க்கும் அது நடக்கவில்லை. காம்பும் விதைத்தூளும் செல்லுலோஸ் கவசம் போட்டுவிட்டன. அளந்தால் பாதிகூட இல்லை. திரவ நைட்ரஜனில் உறைய வைத்து உரலில் அரைத்த பிறகுதான் வந்தது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். 24-ஆம் மணியில் ஆர்.என்.ஏ. குறைவு என்றால் மரபணு தூங்கிவிட்டது என்று அர்த்தமா, நாம் செல்லை உடைக்கவில்லை என்று அர்த்தமா? உடைக்காமல் விட்டிருந்தால் தவறான முடிவை அழகான படத்தோடு எழுதியிருப்போம்.

அடுத்து சி.டி.என்.ஏ., அதாவது ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ.-வாகத் திருப்பி எழுதுவது. இங்கே ஒரு முறை வழுக்கினோம். அப்படி எழுதும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத கட்டுப்பாட்டுக் குழாயிலும், டி.என்.ஏ.-வை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டை வந்தது. அப்படியென்றால் ஆர்.என்.ஏ.-வில் டி.என்.ஏ. கலந்திருக்கிறது, நாம் பெருக்கியது அதைத்தான். டி.என்.ஏ.-வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதி போட்டு மறுபடி. இன்னொன்று பிரைமர், அதாவது நொதி எழுதத் தொடங்க ஒட்டிக்கொடுக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு. ஆர்.என்.ஏ.-வின் கடைசியில் ஏ எழுத்தாகவே நீளும் வாலில் ஒட்டும் ஒலிகோ டி.டி. என்ற வழக்கமான பிரைமர் டிக்டியில் ஏமாற்றும். இதன் மரபணுக்களுக்கு உள்ளேயே ஏ வரிசையாக வரும் இடங்கள் ஏராளம். வாலில் ஒட்ட வேண்டியது நடுவயிற்றில் ஒட்டிக்கொள்ளும். முழு நீளம் வேண்டும் என்றால் மரபணுவுக்கே உரிய பின் பிரைமரைக் கொண்டு தொடங்குவதுதான் நல்லது.

டி.என்.ஏ.-வின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என்று நான்கு. இந்த ஏ, டி விவகாரம்தான் முழு வேலையின் ஆணிவேர். 2005-இல் டிக்டியின் முழு மரபுத்தொகுதி வெளியானது. 6 குரோமோசோம், 3 கோடியே 40 லட்சம் எழுத்து, ஏறக்குறைய 12,500 மரபணு. எழுத்துகளில் 77 சதவீதத்துக்கு மேல் ஏ-யும் டி-யும். மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் இன்னும் அதிகம். ஏ-டி ஜோடிக்கு இரண்டு பிணைப்பு, ஜி-சி ஜோடிக்கு மூன்று. ஆகவே இதன் டி.என்.ஏ. லேசான சூட்டிலேயே இரண்டாகப் பிரிந்துவிடும். சூடு ஆகாத உயிரிக்குச் சூடு ஆகாத டி.என்.ஏ. இரண்டுக்கும் காரணத் தொடர்பு கிடையாது, தற்செயல்தான். ஆனால் நம் ஆய்வகத்தில் இரண்டும் ஒரே ஆளின் பிடிவாதம்போலத்தான் தெரிந்தன.

மரபணுவைப் பெருக்குவது பி.சி.ஆர். முறையில்: சூட்டில் இழைகளைப் பிரித்து, சூட்டை இறக்கிப் பிரைமரை ஒட்ட வைத்து, பாலிமரேஸ் நொதியால் நீட்டி, இதையே சுற்றுச் சுற்றாகச் செய்வது. பிரைமருக்குப் பழக்கதோஷத்தில் 20 எழுத்து எழுதினேன். கைக்கணக்கு: ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 டிகிரி, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4. நான்கில் மூன்று பங்கு ஏ, டி என்றால் 15 இரண்டு முப்பது, 5 நான்கு இருபது, மொத்தம் 50. ஐம்பதில் கழன்றுவிடும் பிரைமரை 55-இல் ஒட்ட வைத்தால் என்ன வரும்? ஜெல்லில் மேலிருந்து கீழ் வரை சாம்பல் பூசியதுபோல ஒரு இழுவல்தான் வந்தது. 30 எழுத்துக்கு நீட்டி, கடைசி எழுத்துகளில் ஜி, சி விழும்படி இடம் பார்த்து, ஒரே எழுத்து வரிசையாக வரும் இடங்களைத் தவிர்த்து மறுபடி ஆர்டர் போட்டேன். பிரைமர் வரும் வாரம் சித்திரைத் திருவிழா. கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகரவில்லை. பிரைமர் உலர்ந்த தூள், ஒன்றும் ஆகாது. கூடவே வந்த பாலிமரேஸ் பெட்டியில் ஐஸ் தண்ணீராகி, தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தது. டாக் என்ற அந்தப் பாலிமரேஸ் கொதிநீர் ஊற்று பாக்டீரியாவின் நொதி, ஆகவே பிழைத்துக்கொண்டது. டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் நொதியான லைகேஸ் பிழைக்கவில்லை; அது பிறகுதான் தெரிந்தது.

புதிய பிரைமரிலும் பட்டை வரவில்லை. ஒட்டும் சூட்டை 55, 53, 50, 48 என்று இறக்கினோம். மக்னீசியத்தை ஏற்றினோம். மூன்று வாரம். ஏறக்குறைய 1,500 எழுத்தில் வர வேண்டியது, 400-இல் ஏதோ ஒன்றுதான் வந்தது. பிள்ளைகளில் ஒருத்தி, "சார், ஒட்டுற சூட்டையே மாத்திக்கிட்டிருக்கோம். நீட்டுற சூடு 72 அப்படியேதான் இருக்கு," என்றாள். எல்லோரும் 72 போடுகிறார்கள், நொதிக்கு அதுதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு படுத்த பிறகு உறைத்தது. நொதிக்கு 72 பிடிக்கும், டி.என்.ஏ.-வுக்கு? பிரைமர் ஒட்டி, நொதி பத்து இருபது எழுத்து எழுதத் தொடங்குவதற்குள் சூடு 72-க்கு ஏறினால், ஏ-டி மட்டுமே நிறைந்த அந்தத் துண்டு கழன்று விழுந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே காகிதத்தை உருவிக்கொள்வதுபோல. மலேரியா ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.-விலும் இதே தொல்லை, நீட்டும் சூட்டை 60-க்கு இறக்கினால் சரியாகும் என்று 1996-லேயே கட்டுரை வந்திருக்கிறது. தேடியிருந்தால் ஒரு மணி நேரத்தில் கிடைத்திருக்கும்.

மறுநாள்: 94-இல் 30 நொடி, 50-இல் 30 நொடி, 60-இல் 3 நிமிடம், 35 சுற்று. 60-இல் நொதி மெதுவாகத்தான் எழுதும், அதனால்தான் தாராளமாக நேரம். மாலை ஜெல்லில் 1,500 இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடிமனில் ஒரே பட்டை. 400-இல் ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளைக்கு அன்று பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜிகர்தண்டா என் செலவு.

பட்டையை வெட்டி எடுப்பதிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். புற ஊதா விளக்கு அடுத்தடுத்து நிற்கும் டி எழுத்துகளைத்தான் முதலில் கெடுக்கும், இதில் டி எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. பத்து நொடிக்குள் வெட்டினோம். நீல வெளிச்சப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஜெல் துண்டைக் கரைக்க 55 டிகிரியில் வைக்கச் சொல்லும் கிட். அந்தக் கரைசலின் உப்பே டி.என்.ஏ.-வைப் பிரிக்கக்கூடியது, சூடும் சேர்ந்தால் இழைகள் பிரிந்து போகும். அறை வெப்பத்தில் இருபது நிமிடம் ஆட்டிக் கரைத்தோம். மதுரையில் அறை வெப்பமே போதும். இந்த ஒரு இடத்தில் ஊர் உதவியது.

குளோனிங். பிஜெம்-டி ஈசி என்ற வெக்டாரில், அதாவது துண்டைச் சுமந்து போகும் டி.என்.ஏ.-வில், எங்கள் துண்டை ஒட்டி, டி.எச்.5 ஆல்பா ரக ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி, ஆம்பிசிலின், எக்ஸ்-கால் தடவிய தட்டில் பரப்பினோம். ஆம்பிசிலினில் வெக்டார் உள்ள செல்தான் பிழைக்கும்; எக்ஸ்-காலில் துண்டு செருகிய காலனி வெள்ளையாகவும் செருகாதது நீலமாகவும் வரும். காலையில் தட்டு முழுக்க நீலம். வெள்ளை ஒன்றுகூட இல்லை. லைகேஸ் செத்த விஷயம் அப்போதுதான் வெளிவந்தது. புது லைகேஸ் வாங்கி மறுபடி ஒட்டியதில் 14 வெள்ளைக் காலனி. வெக்டாரில் செருகல் இடத்தின் இரண்டு பக்கமும் நாட்-ஒன் நொதி வெட்டும் இடம் இருக்கிறது. அது அடையாளம் காணும் எட்டு எழுத்தும் ஜி, சி மட்டுமே. டிக்டியின் டி.என்.ஏ.-வில் அப்படி எட்டு எழுத்து சேர்ந்து கிடைப்பது குதிரைக் கொம்பு, ஆகவே செருகலை நடுவில் வெட்டிவிடுமோ என்ற பயம் இல்லை. வெட்டினால் 3,000-இல் வெக்டாரும் 1,500-இல் செருகலும் வர வேண்டும். பதினான்கில் பதினொன்றில் செருகல் 300, 600, 900 என்று விதவிதமாகக் குட்டையாக வந்தது. மூன்றில் செருகலே இல்லை.

ஈ.கோலைக்கு இத்தனை ஏ-டி பிடிப்பதில்லை. வளர வளர வேண்டாத பகுதியைக் கத்தரித்துவிடுகிறது. கத்தரித்த செல் வேகமாக வளரும், கத்தரிக்காதது பின்தங்கும். 37 டிகிரியில் ஒரு இரவு வைத்தால் கள்ளன் ஜெயித்துவிடுவான். என்ன செய்திருப்போம் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். சூட்டைக் குறைத்தோம். 30 டிகிரியில் இரண்டு இரவு. கடுகு அளவுக் காலனிகள். பெரிய காலனிகளைத் தொடவே கூடாது, சின்னதை மட்டும் எடு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இன்னொரு பிள்ளை ஒரு தட்டை மூன்றாம் நாளும் விட்டுவிட்டான். அதில் ஒவ்வொரு காலனியையும் சுற்றி ஆம்பிசிலின் தீர்ந்த வட்டத்தில் குட்டிக் காலனிகள் முளைத்துவிட்டன. அவற்றில் வெக்டாரே இருக்காது. சின்னதை எடு என்று நான் சொன்னதை நம்பி அவன் அவற்றைத்தான் எடுத்து வளர்த்திருக்கிறான். தப்பு என்னுடையது. தனியாக நிற்கும் சின்னது என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த தட்டில் 8 காலனி எடுத்ததில் 5-இல் முழு 1,500.

மூன்று குளோனை இரு முனையிலிருந்தும் வரிசைப்படுத்த அனுப்பினோம். ஒரு முனையில் ஏறக்குறைய 200 எழுத்துத் தாண்டியதும் டி எழுத்து நீளமாக வரும் ஓர் இடம். அங்கே நொதி வழுக்கி, அதற்குப் பிறகு வரைபடத்தின் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிக்க முடியாத சேறு. அந்த இடத்துக்கு அப்பால் ஒரு பிரைமரைப் புதிதாக எழுதி உள்ளேயிருந்து படித்தோம். மூன்றையும் வெளியிடப்பட்ட வரிசையோடு அடுக்கிப் பார்த்ததில் இரண்டு அச்சு அசல். மூன்றாவதில் ஓர் இடத்தில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி. மற்ற இரண்டிலும் இல்லாததால் அது டாக் செய்த பிழை. திருத்திப் படிக்கும் பாலிமரேஸ் வாங்கக் காசு இல்லாதவர் குறைந்தது மூன்று குளோனாவது படிக்க வேண்டும்.

குளோன் கைக்கு வந்த பிறகு, மிச்சமிருந்த கேள்வி ஒரே மதியத்தில் முடிந்தது. ஏழு நேரத்து சி.டி.என்.ஏ.-வை எடுத்து, மரபணுவின் உள்ளே 300 எழுத்துத் துண்டுக்குப் பிரைமர் வைத்து, 24 சுற்று மட்டும் ஓட்டினோம். ஒப்பிட ஐஜி7 என்ற இன்னொரு மரபணு, வளர்ச்சி முழுக்க அளவு மாறாமல் இருக்கும் என்று டிக்டி ஆய்வாளர்கள் பலரும் வைக்கும் கட்டுப்பாடு. 0-விலும் 4-லும் மங்கல், அதாவது முற்றிலும் தூங்கவில்லை. சாப்பிட்டு வளரும் செல்லுக்கும் இந்தச் சரக்கு கொஞ்சம் வேண்டும். 8-இல் கொஞ்சம் ஏற்றம். 12-இல் சந்தேகமில்லாத பட்டை. 16 மணி 15 நிமிடத்திலும் 20-லும் மிகத் தடிமன். உரலில் அரைத்து எடுத்த 24-இல் இறங்கியிருந்தது. ஐஜி7 ஏழிலும் ஒரே அளவு. ஆர்.என்.ஏ.-வின் இந்த ஏற்ற இறக்கமும் சஸ்மன் குழு நொதியை அளந்து போட்ட வளைகோடும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது, ஆர்.என்.ஏ. கொஞ்சம் முந்தும். முந்தத்தான் வேண்டும்.

இடையில் ஒரு சில்லறை வேலையும் நடந்தது. அழகர்கோயில் பக்கம் தெரிந்தவர் மாந்தோப்பில், ஐப்பசி மழைக்குப் பிறகு, மக்கிய இலைக்குக் கீழிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, தண்ணீரில் கலக்கி, நீர்த்த அகார் தட்டில் ஈ.கோலையோடு பரப்பி வைத்தோம். ஐந்தாம் நாள் ஊதா நிறத் தலையோடு காம்புகள் எழுந்தன. டிக்டியோஸ்டீலியம் பர்ப்பூரியமாக இருக்கலாம் என்பது தோற்றத்தை வைத்து என் ஊகம். ஏஎக்ஸ்4-ஐவிட இது சூட்டைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது; 26-இலும் முழுக் காம்பு விட்டது. நம்மூர்க்காரன் இல்லையா. எங்கள் பிரைமர் அதன் டி.என்.ஏ.-வில் 50-இல் ஒட்டவில்லை. 45-இல் ஒரு மங்கலான பட்டை, ஏறக்குறைய சரியான நீளத்தில். அதை இன்னும் வரிசைப்படுத்தவில்லை.

இப்போது மரபணுவுக்கு மேலே இருக்கும் பகுதியைக் குளோன் செய்யப் பார்க்கிறோம். எந்த மணியில் விழிக்க வேண்டும் என்ற உத்தரவு அங்கேதான் எழுதியிருக்கிறது. அங்கே பத்து எழுத்தில் ஒன்பது ஏ, டி. பிரைமர் எழுதவே இடம் கிடைக்காமல் 36 எழுத்து வரை நீட்டியிருக்கிறேன். நீட்டும் சூடு 58. பாக்டீரியாவுக்கு 25 டிகிரி. அண்ணன் இன்னொரு இன்வெர்ட்டருக்கு விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.